வெர்னா டில்மன் சொன்ன முடிவு

எங்கள் பள்ளிப் பேருந்தை ஓட்டியவர் வெர்னா டில்மன். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், வடகோடியில் ஏரியை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. அவர் கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. அக்டோபர் முழுக்க வீட்டில் ஆள் இருக்காது. அப்போதெல்லாம் வெர்னாவுக்குத் துணை, ஹொரேஸ் டன்லெட் என்பவர் எழுதிய பேய்க்கதைப் புத்தகம்தான். நூலகத்தில் கழித்துப் போட்ட பழசுகளிலிருந்து பொறுக்கி எடுத்தது.

ஹாலோவீன் அன்று பள்ளி விட்டதும், அறுவடையான சோளக்காட்டோரம் பேருந்தை நிறுத்துவார். சூனியக்காரித் தொப்பியும் பேய் முகமூடியுமாக நாங்கள் இருபது பேர். தன் இருக்கையில் பின்பக்கமாகத் திரும்பி மண்டியிட்டு, அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு கதையை வாசிப்பார். ஒவ்வொரு வருடமும் அதே கதைதான்.

ஒரு வண்டிக்காரன் காலிக் குதிரைக் கோச்சு வண்டியை ஓட்டிப் போகிறான். உள்ளேயிருந்து யாரோ தட்டுகிறார்கள். கடைசியில் இறங்கிக் கதவைத் திறக்கிறான். உள்ளே உட்கார்ந்திருப்பது அவனேதான்! அந்த இடத்தில் வெர்னா பேருந்தின் தகரத்தை ஸ்பேனரால் ஓங்கித் தட்டுவார். நாங்கள் அலறுவது பக்கத்துப் பண்ணைவரை கேட்கும்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது கிளீவ்லண்டு அத்தை அதே புத்தகத்தைப் பிறந்தநாளுக்கு அனுப்பினார். படித்துப் பார்த்தால், கதை வேறு மாதிரி முடிந்தது! அந்த ஹாலோவீன் அன்று வெர்னா முடித்ததும் என் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தபடி எழுந்து நின்றேன்.

"மிஸஸ் டில்மன், புத்தகத்துல அப்படி இல்லவே இல்ல. நீங்க எங்கள ஏமாத்திட்டீங்க!"

வெர்னாவின் முகம் சிவந்துவிட்டது.

"என் புத்தகத்துல கடைசிப் பக்கத்த எவனோ கிழிச்சிருந்தான்டி, நாடீன். பாதியில விட்டா தூக்கம் வரல. அதான் நானே ஒண்ணு சேத்துக்கிட்டேன்." பிறகு கையை நீட்டினார். "எங்க, அத குடு."

பதினான்கு வருடமாக அவர் பார்க்காத பக்கம். உதடு அசைய வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார்.

"கதவுக் கீலா?" என்றார். "கீல் கழண்டு ஆடுற சத்தமா? இதுக்கா நான் அத்தனை வருஷம் விளக்க அணைக்காம படுத்தேன்?"

முதலில் சிரித்தவர் அவர்தான். பின் இருக்கையிலிருந்து டுவைட் கத்தினான்: "உங்களுதுதான் சூப்பர்! அந்த ஆளுக்குக் கத எழுதவே தெரியல!"

"ஏய், அவர ஒண்ணும் சொல்லாத. மத்த பதினோரு கதையும் தங்கம்." என்றாலும் அவர் கண்கள் பளபளத்தன. "அப்போ அந்த முடிவு என்னோடதுதானா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அவரை ஏமாற்றுக்காரி என்றதற்காக நான் வீடுவரை அழுதேன். மறுநாள் காலை, படியேறும்போது தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார். அவ்வளவுதான்.

அடுத்த வருடம் டன்லெட் கதை ஒன்று, வெர்னா தானே எழுதிய கதை ஒன்று. ஓய்வு பெறும்வரை அப்படித்தான் நடந்தது. அவருடைய கடைசி ஹாலோவீனுக்கு, முன்பு அந்தப் பேருந்தில் போன நாங்கள் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்தோம். முழங்கால் இடிக்கும் அந்தச் சின்ன இருக்கைகளில் குழந்தைகளோடு நெருக்கி உட்கார்ந்தோம். வெர்னா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கோட்டுப் பையிலிருந்து புதுக்கதையை எடுத்தார்.