நனையாத துப்பாக்கி

என் தம்பி லிண்ட்சே கால்டரை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. உலகத்தின் தென்கோடியில் இருக்கும் எங்கள் துவாட்டபெரே ஊருக்கு வெளியே அவனை யாருக்கும் தெரியாது. ஊருக்குள்ளேயே பாதிப் பேர் அவன் குரலைக் கேட்டதில்லை. மரம் அறுக்கும் மில்லில் ரம்பங்களுக்குக் கூர் வைப்பது அவன் வேலை. காலையில் போவான், மாலையில் வருவான், நான் தட்டில் வைத்ததை என்னவென்று பார்க்காமல் தின்பான், பின்பக்கக் கொட்டகைக்குப் போய்விடுவான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் செய்துகொண்டு, புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, அவனுக்கு ஆக்கிப்போட அந்த வீட்டுக்கே திரும்பி வந்தேன். ஊருக்கு நான் நைரி அக்கா. அவனுக்கும்தான்.

கொட்டகையில் அவன் துப்பாக்கிக் கட்டை செய்வான். சுடுவது இரும்பானாலும் மனுஷன் பிடிப்பது மரத்தைத்தான். தோளில் பதிவதும், கன்னம் சாய்வதும், கை பற்றுவதும் அதில்தான். கடையில் வாங்கும் துப்பாக்கி வேறு யாருக்கோ தைத்த சட்டை என்பான். நீளக் கை என்றால் கட்டையும் நீள வேண்டும். கழுத்து நீண்டவனுக்குக் கன்னம் படும் மேட்டை உயர்த்த வேண்டும். அளவு கொடுக்க வருகிறவன் கோடையில் வந்தாலும் காட்டுக்குப் போட்டுப் போகிற கம்பளிச் சட்டையோடுதான் வர வேண்டும். மெல்லிய சட்டையோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவான். கடைசியில் ஆளை நிறுத்தி, "கண்ணை மூடிக்க. துப்பாக்கியத் தோள்ல ஏத்து. ம், இப்பத் தொற" என்பான். திறந்த கண்ணுக்கு முன்னால் குறி நேராக நின்றால் வேலை முடிந்தது. அரை இழை விலகினாலும் மறுபடி அரத்தை எடுத்துவிடுவான்.

எங்கே மரத்தைக் கண்டாலும் தடவாமல் இருக்க முடியாது அவனால். எங்கள் மாமாவின் அடக்கத்துக்குப் போன இடத்தில், பாதிரியார் பேசிக்கொண்டிருக்கும்போது, பெஞ்சின் கைப்பிடியைத் தடவித் தடவிப் பார்த்து, "ரிமு மரம்க்கா, பழசு" என்று என் காதில் சொன்னவன் அவன். இப்படி ஒருத்தனை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் முகத்தைக் காட்டுவது?

அவனுக்கு இருந்த ஒரே சிநேகிதன் மெர்வ் டோட். ஆற்றோரம் ஆட்டுப்பண்ணை. லிண்ட்சே பேசாததை எல்லாம் சேர்த்து அவன் பேசுவான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். எங்கள் பக்கம் குளிர் தொடங்குகிற ஏப்ரலில், ஆண்மான்கள் துணை தேடி மலையில் கத்தத் தொடங்கியதும் இரண்டு பேரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேட்டைக்குப் போய்விடுவார்கள். மற்ற மாதங்களை எல்லாம் என் தம்பி அந்தச் சில நாட்களுக்காகத்தான் தள்ளினான். மெர்வ் கூட வராவிட்டால் அவன் மலைப்பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டான்.

ஊருக்கெல்லாம் கட்டை செய்தவன் தனக்கென்று ஒன்று செய்துகொண்டதில்லை. ஒரு வருடம் அலெக்சாண்ட்ரா பக்கம் ஒரு பழத்தோட்டத்தில் காற்றில் சாய்ந்த வால்நட் மரத்தின் கவட்டைப் பகுதி அவன் கைக்கு வந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே வரிகள் தீ எரிகிற மாதிரி மேலேறிப் போயின. அதைப் பார்த்த அன்று அவன் சாப்பிடவே இல்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் அதைச் செதுக்கினான். பிடியில் குறுக்கும் நெடுக்குமாகப் பொடிக்கோடு வெட்டினான். ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் விட்டு, கை சுடுகிற வரைக்கும் தேய்த்தான். வீடெல்லாம் எண்ணெய் நாற்றம்.

"கல்யாணம் கட்டியிருந்தா பொண்டாட்டியக்கூட இப்படிக் கவனிச்சிருக்க மாட்டடா நீ" என்றேன்.

"பொண்டாட்டிக்கு இவ்வளவு வரி இருக்காதுக்கா" என்றான். அவன் வாழ்நாளில் அடித்த நகைச்சுவை அது ஒன்றுதான்.

வேலை முடிந்ததும் மெர்வ் பார்க்க வந்தான். அடுப்படி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கே பேச்சு நின்றுபோயிற்று. பிறகு கட்டையின் அடிப்பக்கத்தைத் தடவி, "டேய், தோள்ல தொங்கவிட வார் மாட்டுற கொக்கி எங்கடா?" என்றான்.

"அதுக்கு ஓட்டை போடணும்."

"போட வேண்டியதுதானே."

"அந்த எடத்துலயா? தீ எப்படிச் சுத்திக்கிட்டுக் கீழ வருது பாரு. அதுல போய் எவனாவது ஓட்டை போடுவானா?"

"அப்ப கைக்கொழந்தை மாதிரி இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு வருவியா?"

"தூக்கிட்டு வரேன். உனக்கென்ன?"

மூன்று பேரும் சிரித்தோம். சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது அப்போது.

அடுத்து வந்த ஏப்ரலில் மலையில் மழை கொட்டித் தீர்த்தது. இவர்கள் திரும்பி வர வேண்டிய நாளில், பக்கத்துப் பண்ணைக்காரர் தன் வண்டியில் மெர்வை இன்வர்கார்கில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார் என்று செய்தி வந்தது. ஆற்றில் அடித்துக்கொண்டு போய், அடைந்து கிடந்த மரங்களில் மோதி, வலது தோள் நொறுங்கிவிட்டதாம். லிண்ட்சேதான் ஓடிப்போய் இழுத்துக் கரையேற்றி, முதுகில் சுமந்து சாலைக்குக் கொண்டு வந்தானாம்.

லிண்ட்சேயை இன்னொருவர் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். மார்பு வரைக்கும் நனைந்து, நிற்க முடியாமல் நடுங்கினான். அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு நான் துப்பாக்கியை எடுத்தேன். எங்கள் வீட்டு வழக்கம் அது, முதலில் துப்பாக்கியைத் துடைத்துவிட்டுத்தான் ஆளைத் துடைப்பது. துணியை வைத்துத் தேய்த்தேன். துணி நனையவில்லை. கட்டையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. மழை நின்ற பிறகுதான் ஆற்றைக் கடந்திருக்கிறார்கள், சரி. ஆனால் ஆள் மார்பு வரை நனைந்திருக்க, துப்பாக்கி எப்படி நனையாமல் வந்தது?

இந்தப் பக்கத்தில் யாரும் வெள்ளம் வந்த ஆற்றைத் தனித்தனியாகக் கடப்பதில்லை. ஒருவன் கை அடுத்தவன் முதுகு மூட்டையின் பட்டையைப் பிடித்திருக்கும். ஒருவனுக்குக் கால் வழுக்கினால் மற்றவன் தாங்க வேண்டும். எது போனாலும் கரை ஏறும்வரை பிடியை விடக்கூடாது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இது.

"இது ஏன்டா நனையல?" என்றேன்.

அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"லிண்ட்சே, உன்னத்தான் கேக்கறேன்."

"அவன் வழுக்கிட்டான்க்கா. என்னையும் சேத்து இழுத்தான். ஒரு கையில அவன், ஒரு கையில இது. ஊணிக்கிட்டு வந்த கம்பு ஏற்கெனவே தண்ணியில போயிருச்சு. பக்கத்துல பாறை இருந்துச்சு, பிடிச்சிருந்தா நின்னிருப்போம். பிடிக்கக் கை இல்லை."

"அப்புறம்?"

"தூக்கிப் பிடிச்சேன்."

"எதை?"

என் மடியில் கிடந்ததை நான் பார்த்தேன். பிறகு மெதுவாகச் சொன்னான்: "யோசிச்சுச் செஞ்சிருந்தாக்கூடப் பரவாயில்லக்கா. யோசிக்கவே இல்ல. கை தானா அவன விட்டிருச்சு."

அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, மூடிப் போர்த்த வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. துப்பாக்கியைக் கொண்டுபோய்க் கொட்டகையில் வைத்துவிட்டு வந்து சூப்பைச் சூடாக்கினேன்.

ஊருக்கு இது எதுவும் தெரியாது. ஊருக்கு அவன் வீரன். தீயணைப்புக்காரர்களின் ஆண்டு விருந்தில் அவனை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். சுமந்து வந்தது பொய்யில்லை, அதுதான் கொடுமை. அவன் தட்டிலிருந்த சீஸ் ரோலையே பார்த்துக்கொண்டு நின்றான். காதுமடல் இரண்டும் சிவந்துபோயிருந்தன. மெர்வும் வந்திருந்தான், கையைக் கழுத்தில் தொட்டில் கட்டிக்கொண்டு. எழுந்து கிளாஸைத் தூக்கி, "வழுக்குனது நானு. இவன் மட்டும் இல்லன்னா அங்கேயே கெடந்திருப்பேன்" என்றான். நான் அவன் முகத்தையே பார்த்தேன். அவனுக்குத் தெரியுமா? தண்ணீரின் இழுப்பில் பிடி நழுவியது என்று நினைக்கிறானா, இவன் விட்டுவிட்டான் என்று அறிந்திருக்கிறானா? அந்த முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

"மெர்வ்கிட்டப் போய்ச் சொல்லிருடா" என்று நச்சரித்தேன். போனான். திரும்பி வரும்போது கையில் ஒரு மூட்டை டர்னிப் கிழங்கு இருந்தது.

"சொன்னியா?"

"வாசல்லயே கொலீன் நின்னுக்கிட்டிருந்தா. இதைக் குடுத்தா."

மெர்வின் மனைவி கொலீன் மகராசி. இவன் போகும்போதெல்லாம் கிழங்கு கொடுத்தாள். அந்தக் குளிர்காலத்தில் கிழங்கு தின்றே எங்கள் வாய் செத்துப்போயிற்று. சொல்ல வேண்டியது மட்டும் இவன் வாயிலிருந்து வரவில்லை.

ஒரு சனிக்கிழமை கொட்டகையில் துளை போடும் சத்தம் கேட்டுப் போனேன். தன் துப்பாக்கியின் அடியில், அந்தத் தீ வரிகளின் நடுவில், ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். கொக்கிகளைத் திருகி, மில்லில் கிடந்த தோல் பட்டையை வெட்டி வாராக மாட்டினான். ஓட்டை போட வேண்டிய நாளில் போடவில்லை.

குளிர்காலம் முடிகிற சமயம் மெர்வ் வந்தான். தன் பழைய துப்பாக்கியை மேசைமேல் வைத்தான்.

"வலது தோள் உதை தாங்காதுன்னுட்டாங்கடா. இனிமே இடதுதான். புதுக் கட்டை போட்டுக் குடு."

சட்டையைக் கழற்றினான். கம்பளிச் சட்டையோடு அளவெடுப்பவன்தான் லிண்ட்சே, ஆனால் எலும்பு எங்கே எப்படிக் கூடியிருக்கிறது என்று பார்க்காமல் இந்தக் கட்டையைச் செய்ய முடியாது. வலது தோளில் எலும்பு ஒரு முடிச்சாகத் துருத்திக்கொண்டிருந்தது. கை மார்புக்கு மேலே எழும்பவில்லை. லிண்ட்சே அளவுநாடாவை அந்த முடிச்சின்மேல் வைத்தான். எண்ணைப் படிக்காமல் அப்படியே பிடித்திருந்தான்.

"மெர்வ், அன்னிக்கு ஆத்துல..."

"அளவ எடுடா. குளுருது."

எடுத்தான். மெர்வ் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒற்றைக் கையால் பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னான்: "வாருக்குக் கொக்கி போட மறந்துராத. கெட்டியாப் போடு."

குரலில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. அப்போதுதான் அவனுக்குத் தெரியும் என்று எங்களுக்குத் தெரிந்தது. லிண்ட்சே துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்ததைத் தண்ணீருக்குள்ளிருந்து அவன் பார்த்திருக்கிறான். அவ்வளவு நாளும் தெரிந்துகொண்டுதான் ஊர் முன்னால் கிளாஸைத் தூக்கியிருக்கிறான். நான் தேநீர் போடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

லிண்ட்சே அந்தக் கட்டைக்குக் கொடுத்த உழைப்பைத் தன்னுடையதற்குக்கூடக் கொடுக்கவில்லை. இடது கண்ணுக்கு வரும்படி கட்டையை விலக்கினான். எழும்பாத வலது கை முன்னால் தாங்குவதற்காக அடியைத் தட்டையாக்கி அகலப்படுத்தினான். கன்ன மேட்டை வைத்து, குறைத்து, மறுபடி வைத்தான். இப்படிப் பொருந்திவிட்டால் பழையபடி எல்லாம் ஆகிவிடும் என்று அவன் நம்பினான். எனக்கும் அந்த நப்பாசை இருந்தது.

மார்ச் கடைசியில் மெர்வ் வாங்க வந்தான். கொட்டகை வாசலில் நின்றான்.

"கண்ணை மூடிக்க" என்றான் லிண்ட்சே. "ஏத்து. இப்பத் தொற."

மெர்வ் திறந்தான். அப்படியே நின்றான். பிறகு முகமெல்லாம் சிரிப்பு. "அடப்பாவி, பொறந்ததுலேர்ந்து இடதுகைக்காரன் மாதிரி இருக்குடா! அக்கா, வந்து பாருங்க!"

அந்தச் சிரிப்பு நிஜம். லிண்ட்சேக்குத் தைரியம் வந்துவிட்டது. தன் துப்பாக்கியை எடுத்துவந்து, பரீட்சைத் தாளைக் காட்டுகிற பிள்ளை மாதிரி அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். மெர்வ் கொக்கியைக் கட்டைவிரலால் தடவினான். "நேராப் போட்டிருக்க" என்றான்.

"இந்த வருஷம் எப்ப கெளம்பலாம்?" என்று கேட்டான் என் தம்பி.

"அடுத்த வாரம். கொலீனோட தம்பியும் வரான், மூணு பேரா போவோம்." மெர்வ் துப்பாக்கியை நல்ல தோளில் மாட்டிக்கொண்டான். லிண்ட்சேயின் தோளை லேசாகத் தட்டினான். "ஆத்துல மட்டும் நான் அவனப் பிடிச்சுக்கறேன்டா."

லிண்ட்சே தலையை ஆட்டினான். "அதான் சரி" என்றான்.

ஒவ்வொரு ஏப்ரலும் போகிறார்கள். முன்னால் மெர்வும் கொலீனின் தம்பியும் ஒருவர் பட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடக்கிறார்கள். அவர்கள் அக்கரை ஏறிய பிறகு என் தம்பி தனியாக இறங்குகிறான், கம்பை ஊன்றிக்கொண்டு.