ஹாரன் பட்டன்

அந்த விளையாட்டுப் பெட்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கு என் வீட்டுக்காரரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். மினி லாரி ஓட்டுகிற ஆள். நாற்பத்திரண்டு வயது. அன்னாசியும் பலாவும் குச்சிக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு எங்கள் மலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் போனவர், திரும்பி வரும்போது அரிசி மூட்டை கொண்டுவருவார் என்று பார்த்தால், ஒரு கறுப்புப் பெட்டியும் இரண்டு கன்ட்ரோலரும் கொண்டுவந்து டிவிக்கு முன்னால் வைத்தார். அடிவாரத்தில் மிளகு வாங்கும் பாய் வீட்டில் அது சும்மா கிடந்ததாம். அவர் மகன் வெளிநாடு போன பிறகு யாரும் தொடவில்லையாம். எடுத்துட்டுப் போங்க என்றாராம். இவரும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏனுங்க, கொழந்த குட்டி இருக்கற ஊடுன்னா செரி. நாம ரெண்டு பேரும் இதை வெச்சு என்னங்க பண்றது?"

"நாமளே கொழந்தைங்கதான் கண்ணு" என்றார்.

குழந்தை இல்லாத வீட்டில் அப்படி ஒரு பேச்சு. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்து நானும் சிரித்துவிட்டேன். அவரிடம் எனக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் கோபம் நின்றதே கிடையாது. அந்தப் பத்து நிமிஷத்துக்குள் வாயை விட்ட ஒரு நாளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அவர் போய் இந்தக் கார்த்திகையோடு ஒரு வருஷம் ஆகிறது.

பெட்டியோடு வந்தது ஒரே ஒரு சண்டை விளையாட்டு. இரண்டு பேர் சேர்ந்து ஓர் அணி. ஆனால் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் மேடையில் சண்டை போட முடியும், மற்றவர் வெளியே காத்திருக்க வேண்டும். மேடையில் இருப்பவர் அடி வாங்க வாங்க, தலைக்கு மேலே ஒரு பச்சைக் கோடு குறைந்துகொண்டே வரும். அது தீருவதற்குள் ஒரு பட்டனை அமுக்கி வெளியே நிற்கும் கூட்டாளியைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால்தான் கூட்டாளி உள்ளே குதிக்க முடியும். அவருக்கு ஒரு தாடிக்காரக் குண்டன். எனக்குக் கையில் கம்பு வைத்த ஒல்லியான பெண். குண்டனைப் பார்த்தால் கொஞ்சம் என் மாமனார் ஜாடை இருக்கும், அதைச் சொல்லியே நான் அவரைக் கிண்டல் செய்வேன்.

கன்ட்ரோலரில் எந்தப் பட்டன் எந்த வேலை செய்ய வேண்டும் என்று நாமே மாற்றிக்கொள்ளலாம். இதைக் கண்டுபிடித்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முழுக்க உட்கார்ந்து அதை ஒரு லாரியாகவே மாற்றிவிட்டார். வலது விரலுக்கு ஆக்சிலேட்டர், அதை அமுக்கினால் குத்து. இடது விரலுக்கு பிரேக், அதை அமுக்கினால் தடுப்பு. நடுவில் இருந்த அகலமான பட்டன் ஹாரன். கூட்டாளியைக் கூப்பிடுவது அதில்தான். அந்த வரிசைக்கு லாரி என்று பெயர் கொடுத்துச் சேமித்தும் வைத்தார்.

"நான் ஹாரன் அடிச்சா நீ வரோணும். அடிக்காம வரப்படாது" என்றார்.

வளைவில் ஹாரன் அடிக்காமல் திரும்புகிறவனை அவர் மனுஷனாகவே மதிக்கமாட்டார். மேலே வருகிறவனுக்குக் கீழே இறங்குகிறவன் இருப்பது தெரிய வேண்டும், அவ்வளவுதான் எங்கள் மலை ரோட்டின் சட்டம். விளையாட்டிலும் அப்படித்தான். ஹாரன் அடித்துவிட்டு வாயாலும் "பாம்" என்பார். நான் கம்போடு உள்ளே குதிப்பேன். நான் மலை மேலேயே செம்மேட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தையல் மிஷின் போட்டிருந்தேன். கடையைச் சாத்திவிட்டு வந்ததும், உலையை ஏற்றி வைத்து இரண்டு ஆட்டம். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "புருசனும் பொண்டாட்டியுமாச் சேந்து யாரைங்க்கா இந்த அடி அடிக்கறீங்க?" என்று கேட்பாள். மூன்று வருஷம் அப்படிச் சந்தோஷமாகப் போனது.

பிறகு ஒருநாள் காலையில் அவருக்குச் சட்டைப் பட்டன் போட வரவில்லை. வலது கை விரல்கள் துணியில் வழுக்கிக்கொண்டே இருந்தன. நான்தான் போட்டுவிட்டேன். அந்த மாசமே ஒரு வளைவில் ஸ்டியரிங் கையை விட்டு நழுவியிருக்கிறது. அவர் அதை என்னிடம் சொல்லவில்லை, லாரியை மட்டும் விற்றுவிட்டார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தோம். நரம்பு நோய், கை கால் சதை ஒவ்வொன்றாகச் செயலிழக்கும், மருந்து கொஞ்சம் மெதுவாக்கும், நிறுத்தாது என்றார்கள். மூச்சு எப்படி இருக்கிறது என்று மூன்று மாசத்துக்கு ஒரு தடவை வந்து ஊதிக் காட்ட வேண்டும் என்றார்கள்.

நான் தையல் மிஷினை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆட்டத்தை மட்டும் நாங்கள் விடவில்லை. ஒரு விரல் போனால் அந்த விரலின் வேலையை அடுத்த விரலுக்கு மாற்றுவோம். அவர் சொல்லச் சொல்ல நான் செட்டிங்ஸில் மாற்றுவேன். ஆள் இளைக்க இளைக்கச் சட்டையைப் பிடித்துத் தைப்பது மாதிரிதான். ஆக்சிலேட்டர் இடது கைக்குப் போனது. குதிப்பதை எடுத்துவிட்டோம், குண்டன் எதற்குக் குதிக்க வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார். லாரி இரண்டு, லாரி மூன்று என்று சேமித்துக்கொண்டே போனோம்.

லாரி ஒன்பதில் வலது கைக்கு மிஞ்சியது ஒரே ஒரு வேலை. கட்டைவிரலுக்கடியில் ஹாரன். நோய் தொடங்கியதே அந்தக் கையில்தான், ஆனால் கட்டைவிரல் மட்டும் விழாமல் நின்றது. அது நிற்கிற வரைக்கும் நோயும் நின்றுவிட்டது என்று அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்த விரலைக் காட்டுவார்.

ஆடி மாசத்தில் குண்டன் அடிக்கடி விழ ஆரம்பித்தான். பச்சைக் கோடு தீர்ந்துகொண்டே வரும், ஹாரன் வராது, ஆள் விழுவான். எனக்கு வாய் சும்மா இருக்காதே.

"தூங்கிட்டீங்களா? ஹாரன் அடிக்கறதுக்கு நல்ல நேரம் பாக்கறீங்களா?"

"லேட்டா அமுக்கிட்டேன் சாமி" என்றார்.

முகம் வாடிப்போனது. ஒரு வாரம் போல இப்படியே தோற்றோம். ஒருநாள் மத்தியானம் அவர் கண் அசந்த நேரத்தில் நான் செட்டிங்ஸை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கோடு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், யாரும் எதையும் அமுக்காமலே கூட்டாளி தானாக உள்ளே வருகிற மாதிரி ஒரு வசதி இருந்தது. அதைப் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் குண்டன் அடி வாங்கினான், நான் உள்ளே குதித்தேன். அவர் "பாம்" என்றார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்தக் கன்ட்ரோலர் நைந்துபோன பழசு, பட்டன் அமுங்கியதா இல்லையா என்று விரலுக்கே தெரியாது. எவ்வளவு நல்ல காரியம் செய்திருக்கிறோம் என்று எனக்கு ஒரே பெருமை.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் வந்தது. வண்டி சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்குங் கண்ணு? எழுபது வளைவும் குலுங்கிக்கிட்டுப் போகோணுமா? கட்டவெரல் நல்லாத்தான இருக்குது. தெனமும் பாக்கறயில்ல? நான் அடிச்சா நீ வாரயில்ல?"

அடுத்த மாசம் போகலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த மாசமும் அதே பேச்சுதான். பேசும்போது பாதியில் நிறுத்தி மூச்சு வாங்க ஆரம்பித்தார். காலையில் எழுந்ததும் தலை கனக்கிறது என்றார். சாப்பிடும்போது அடிக்கடி புரை ஏறியது. நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன், அவருடைய தங்கையை வரவழைத்துச் சொல்லச் சொன்னேன். வந்தவளிடமும் விரலைக் காட்டி, "நோவு நின்னுபோச்சு பாப்பா. உங்கண்ணிக்குத்தான் பயம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவள் பஸ் ஏறியிருக்கக்கூட மாட்டாள், எனக்குப் பொறுக்கவில்லை. பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும், சின்ன வயதிலிருந்தே அப்படி.

"எந்த வெரலுங்க? உங்க வெரல் ஒண்ணும் பண்றதில்லீங்க! நான் அந்தப் பொட்டியில மாத்தி வெச்சிருக்கறேன். நீங்க அமுக்கினாலும் வரும், அமுக்காட்டியும் வரும்!"

சொன்ன அந்த நொடியே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பருந்து?"

"ஆடியிலிருந்துங்க."

"அதை எடுத்துட்டு ஒரு ஆட்டம் போடு."

வேண்டாமுங்க என்றேன். போடு என்றார். அவர் கண் முன்னாலேயே அந்த வசதியை அணைத்தேன். தலையணை மேல் அவருடைய இரண்டு கைகளையும் வைத்து, கன்ட்ரோலரைப் பொருத்தி, வலது கட்டைவிரலை ஹாரன் மேல் வைத்தேன். விரல் கொஞ்சம் மந்தமாகியிருக்கும், நேரம் கழித்தாவது அமுக்கிவிடுவார் என்றுதான் அப்போதும் நினைத்தேன். அவரை ஏமாற்றப்போய் நானும் சேர்ந்து ஏமாந்திருந்தேன்.

அவர் இடது கையால் அமுக்கியதில் குண்டன் இரண்டு குத்து விட்டான். பிறகு அடி வாங்க ஆரம்பித்தான். கோடு பாதியானது. நான் வெளியே கம்போடு நின்றுகொண்டிருந்தேன். கோடு கால்வாசியானது, சிவப்பாக மாறி மின்னியது.

"அமுக்குங்க" என்றேன்.

குண்டன் சுவரோரம் ஒதுங்கி அடி வாங்கினான். எனக்குப் பதறியது.

"ஏனுங்க, அமுக்குங்க! இப்பவே அமுக்குங்க!"

"அமுக்கிட்டேதான் கண்ணு இருக்கறேன்" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. மொத்த உடம்பையும் அந்த விரலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். விரல் மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. ஆடியில் தோற்ற அந்த வாரம் முழுக்கவும் அவர் இப்படித்தான் அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். நான் தூங்கிட்டீங்களா என்று கேட்டிருக்கிறேன்.

குண்டன் விழுந்தான். நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு ஓவென்று அழுதேன். அவர் அழவில்லை. "நாளைக்குச் சேலத்துக்கு வண்டி சொல்லிரு" என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஊதச் சொல்லிப் பார்த்தார்கள். மூச்சு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. படுக்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்ள ஒரு மெஷின் கொடுத்தார்கள். "கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாம்மா" என்றார் டாக்டர். திட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். திரும்பி வரும் வழியில் எழுபது வளைவிலும் எனக்கு அது ஒன்றுதான் காதில் கேட்டது. அவர் என் தோளில் சாய்ந்துகொண்டு, முன்னால் டிரைவர் எங்கே ஹாரன் அடிக்க மறந்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். நான் செய்தது அவருக்கு எத்தனை நாளைக் குறைத்தது என்று எனக்குத் தெரியாது. குறைத்தது என்பது மட்டும் தெரியும்.

பெட்டியைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டேன். பத்து நாள் இருக்கும். மத்தியானம், தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அவர் கன்னத்தில் மூச்சு மெஷின் பட்டையின் தடம் பதிந்திருந்தது. நான் ஒரு ரவிக்கைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒரு ஆட்டம் போடலாமா?" என்றார்.

எழுந்து போய் துணியை எடுத்தேன். லாரி ஒன்பதைத் திறந்தேன். கைகளைத் தலையணை மேல் வைத்து, விரலை ஹாரன் மேல் வைத்தேன்.

"கண்ணு."

"சொல்லுங்க."

"அதை மறுபடியும் போட்டுரு."

"எதைங்க?"

"அதான். தானா வருமே." மூச்சு வாங்கிக்கொண்டார். "போட்டயா இல்லயான்னு எங்கிட்டச் சொல்லாத."

டிவியை மறைத்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் முட்டியதில் எழுத்து ஒன்றும் தெரியவில்லை. முந்தானையால் துடைத்துத் துடைத்துத் தேடினேன். போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

குண்டன் அடி வாங்கினான். கோடு சிவப்பானது. நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. திரையில் என் ஒல்லிப் பெண் கம்பைச் சுழற்றிக்கொண்டு உள்ளே குதித்தாள்.

"பாத்தயா" என்றார். "டக்குனு அமுக்கிட்டேன்."

"ஆமாங்க" என்றேன். "செரியான நேரத்துலதான் அமுக்குனீங்க."