முன்சக்கரம் பார்த்த திசை

இதைக் கேட்ட எல்லோரும், தூக்கக் கலக்கத்தில் எதையோ பார்த்திருப்பாய் என்றார்கள். அன்று இரவு நான் கண்ணை மூடியது கொஞ்ச நேரம்தான். நடந்தது நடந்ததுதான்.

பாலைவனச் சாலையில் தனியாக மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். இருட்டும் நேரத்தில் முன்விளக்கு அணைந்தது. மாற்று பல்பு இல்லை. சாலையோரம் வட்டமான சிமெண்ட் தொட்டி ஒன்று இருந்தது. சாலை போட்டவர்கள் தண்ணீருக்காகக் கட்டியது. இப்போது உள்ளே மணல்தான். அதன் ஓரமாகப் படுத்து, விடிந்ததும் கிளம்பலாம் என்று நின்றேன்.

எதிரே வந்த தண்ணீர் லாரி நின்றது. டிரைவர் இறங்காமலே என்னையும் வண்டியையும் பார்த்தார்.

“தனியாவா? மறை கழண்டவங்கதான் இந்த வழியில தனியா வருவாங்க தம்பி.”

நல்ல மனிதர். இரண்டு பாட்டில் தண்ணீர் கொடுத்தார். கூடவே, இந்தச் சாலையில் எல்லோரும் செய்கிற ஒன்றையும் சொன்னார். படுப்பதற்கு முன், போக வேண்டிய திசைக்கு நேராக முன்சக்கரத்தை நிறுத்த வேண்டும். இரவுக் காற்றில் சாலை மணலுக்குள் போய்விடும். காலையில் புழுதியில் சூரியனும் தெரியாது. தொட்டியோ எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒன்றுதான். சக்கரம் காட்டுகிற பக்கம் போனால் சாலை மறுபடி தட்டுப்படும்.

அடுத்த பங்க் வரைக்கும்தான் பெட்ரோல் இருந்தது. தப்பான பக்கம் போனால் திரும்பி வர முடியாது. பார்த்துப் பார்த்து நிறுத்தினேன். லாரி போய்விட்டது.

இரவு 1.40. ‘கிர்ர்ர்...’ ஸ்டாண்டு தரையில் இழுபடும் சத்தம்.

டார்ச் அடித்தேன். வண்டி இடது பக்கமாகத் திரும்பி நின்றது. அந்தப் பக்கம் சாலையே கிடையாது. வெறும் மணல்.

காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். காற்று தள்ளினால் வண்டி விழும், திரும்பாது. சுற்றிலும் என் காலடி மட்டுமே இருந்தது. தாரின் விளிம்பு இன்னும் ஒரு சாண் தெரிந்தது. அதை வைத்து வண்டியை நேராக்கி, முன்சக்கரத்தில் சங்கிலிப் பூட்டுப் போட்டேன். வண்டிக்கு முன்னால், கையைப் பின்னால் நீட்டிச் சக்கரத்தைப் பிடித்தபடி, போக வேண்டிய திசையைப் பார்த்து உட்கார்ந்தேன்.

2.25. தார் முழுவதும் மூடிவிட்டது.

கைக்குள் இருந்த சக்கரம் நகர்ந்தது...

மெதுவாக. யாரோ பொறுமையாகத் தள்ளுவது போல. இறுக்கிப் பிடித்தேன். கை எரிந்தது. வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

நான் திரும்பவில்லை. திரும்பினால் திசை போய்விடும். திசை போனால் நான் போய்விடுவேன்.

இனி முன்சக்கரம் நான்தான்.

பின்னால் சீட்டு அமுங்கும் சத்தம்.

மூச்சுச் சத்தம்...

“அண்ணே. இந்தப் பக்கம்.”

இளம் குரல். காதருகில்.

தோளில் கை.

திரும்பவில்லை.

விடிந்தபோது எங்கும் பழுப்புப் புழுதி. பின்னால் தொட்டுப் பார்த்தேன். வண்டி மறுபடியும் இடது பக்கம். போட்ட பூட்டு போட்டபடியே இருந்தது. முகத்தைத் திருப்பாமல் கையால் தடவிப் பிடித்து, என் மூக்குக்கு நேராக வண்டியைக் கொண்டுவந்தேன். ஓட்டினேன். கொஞ்ச தூரத்தில் தார் தெரிந்தது. அழுதுவிட்டேன்.

பங்க்காரர் என் முகத்தைப் பார்த்ததுமே, ராத்திரி தொட்டியடியிலா என்று கேட்டார். இரண்டு வருடத்துக்கு முன் அவர் தம்பியும் அங்கே படுத்திருக்கிறான். அவன் தூங்கும்போது வண்டி காற்றில் விழுந்துவிட்டது. வழியில் போன யாரோ நல்ல மனசோடு அதை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார். எந்தப் பக்கம் பார்த்து வைத்தோம் என்று பிறகு விசாரித்தபோது அவருக்கே நினைவில்லை. தம்பி சக்கரத்தை நம்பிக் கிளம்பினான். எவ்வளவோ தேடியும் கிடைக்கவில்லை.

நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றை மட்டும் கேட்டார்.

“எந்தப் பக்கம் திருப்புனான்?”

மேசைத் தூசியில் விரலால் கோடு போட்டுக் காட்டினேன்.

சில நாள் கழித்து போன் செய்தார். அந்தக் கோட்டிலேயே போய்த் தேடியதாகவும், தம்பி கிடைத்துவிட்டதாகவும் சொன்னார். எனக்கு மனசு இளகிவிட்டது. பாவம், வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறான் என்றேன்.



“அப்படித் தெரியல தம்பி. அங்க மூணு வண்டி கிடக்குது. ஒண்ணுதான் அவனோடது.”