கொள்ளிடக்கரை மீன் சாப்பாடு

அரியலூர் சிமெண்ட் ஆலையில் வேலை நிரந்தரமானால் எங்களை ஓட்டல் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போவதாக அப்பா சொல்லியிருந்தார். வேலை நிரந்தரமானது. நான் அப்போது நான்காம் வகுப்பு. வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பெரம்பலூரில் இல்லாத ஓட்டலா? ஆனால் அப்பா பஸ் மேல் பஸ் மாற்றி, பெரம்பலூரையும் அரியலூரையும் தாண்டி, திருமானூரில் கொள்ளிடக் கரையில் கொண்டுபோய் இறக்கினார். ஆற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம் என்றார். அவருக்கு ஆற்றின் மேல் அவ்வளவு பிரியம் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் டீக்கடையில் காலனிக்காரர்களுக்கென்று தனி டம்ளர்கள் கீற்றுத் தட்டியில் செருகியிருக்கும். குடித்துவிட்டு நாங்களே கழுவி வைக்க வேண்டும். நமக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறாரே, கடைக்காரருக்கு நம் மேல் எவ்வளவு மரியாதை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஓட்டல் என்பது தண்ணீரை ஒட்டிப் போட்ட ஒரு கொட்டகை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கல்யாணப் புடவையில் வந்திருந்த அம்மா பெஞ்சின் நுனியில் தொற்றிக்கொண்டிருந்தாள். எதிர் பெஞ்சில் இடம் பார்த்து, வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒருவர் என் வயதுப் பெண்ணோடு வந்து உட்கார்ந்தார். பின்னாளில் எனக்கு அவர் பெரியம்மா ஆகிவிட்டதால் இங்கேயும் அப்படியே சொல்கிறேன். அவர் உட்கார, அம்மா சட்டென்று எழுந்து நின்றாள்.

"ஏன் எந்திரிக்கிறீங்க? எடம் கெடக்குல்ல, உக்காருங்க."

லப்பைக்குடிக்காட்டுக்காரர்கள். தஞ்சாவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிறார்கள். அந்தப் பெண்ணிடம் அவளுடைய அத்தா துபாயிலிருந்து அனுப்பிய வாசனை ரப்பர் இருந்தது. சோறு வருவதற்குள் அதை எனக்கு நாலு தடவை முகரக் கொடுத்தாள். சிநேகிதம் பிடிக்க அதற்கு மேல் என்ன வேண்டும்?

"நீங்க எந்த ஊரு?" என்று பெரியம்மா கேட்டார். அப்பா சொன்னார். எங்கள் பக்கத்தில் ஊரைக் கேட்டவர்கள் அடுத்து, எந்தத் தெரு என்றுதான் கேட்பார்கள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அங்கல்லாம் இந்த வருசம் மழை உண்டுங்களா?"

அதன் பிறகுதான் அப்பா முதல் வாய் வைத்தார்.

நாங்கள் மானாவாரிக் காட்டுக்காரர்கள். மீன் என்றால் எங்களுக்குக் கருவாடுதான். கெண்டை மீனைக் கறித்துண்டு போல வாயில் போட்டு மென்று விழுங்கினேன். முள் தொண்டையில் குத்தி நின்றது. மூச்சுத் திணறியது. அம்மா முதுகில் அடித்தாள், அப்பா தண்ணீரை நீட்டினார். "தண்ணி வேணாங்க" என்று பெரியம்மா தடுத்து, தன் இலையிலிருந்த வெறும் சோற்றை உருட்டி என் வாயில் வைத்தார்.

"மெல்லாம முழுங்கு கண்ணு. செரியாயிடும்."

மூன்றாவது உருண்டையில் முள் இறங்கியது. அதோடு விடவில்லை. என் மீனை எடுத்து முள் நீக்கி, எனக்கு ஒரு வாய், மகளுக்கு ஒரு வாய் என்று ஊட்டினார்.

அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. "எச்சி எலைங்கக்கா" என்றாள்.

"எங்க ஊருல கல்யாணம்னா நாலு பேரு ஒரே தட்டுலதான் கைய வெப்போம். புள்ளைங்களுக்குள்ள என்னம்மா எச்சி?"

எனக்கு ஒரே குஷி. தோழியிடம், "எங்க வூட்டுக்கு வரியா? காலனியில தண்ணி டேங்குக்குப் பக்கத்து வூடு" என்றேன்.

அப்பாவின் கை இலையில் அப்படியே நின்றது. அம்மா பெஞ்சுக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். வழிதானே சொன்னேன், இதற்கு எதற்குக் கிள்ளு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பெரியம்மா அம்மாவை ஒரு கணம் பார்த்தார். "வராம என்ன? மொதல்ல நீங்க பெருநாளுக்கு எங்க வூட்டுக்கு வரணும்" என்றார். அவருடைய டம்ளர் காலியாக இருந்தது. அம்மா பாதி குடித்து வைத்திருந்த டம்ளரை எடுத்து, வாய் வைத்து மிச்சத்தைக் குடித்தார்.

அந்தப் பெருநாளுக்குப் போனோம். இன்றுவரை போகிறோம். தோழியின் பிள்ளைகள் என்னைச் சின்னம்மா என்கிறார்கள். பெரியம்மாவை மனதுக்குள் கும்பிடாமல் நான் ஒரு நாளும் மீனில் கை வைத்ததில்லை.

ஆனால் அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா குனிந்து இலையைப் பார்த்தபடி சத்தமில்லாமல் அழுதாள் என்பதுதான். அவளுக்கும் முள் மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். வெறும் சோறாகப் பார்த்து உருட்டி அவள் வாயருகே நீட்டினேன்.

"மெல்லாம முழுங்கும்மா. செரியாயிடும்."

அம்மா வாங்கி விழுங்கினாள். அழுகை நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் பெரிய உருண்டையாகப் பிடித்தேன்.