வாய் இல்லாத பெட்டி

கண்ணை மூடித்தான் படுத்திருப்பாள். மத்தியானம் இரண்டு மணி, எங்கள் வீட்டு மாடிப் போர்ஷன், ஒரு பாய், தலைக்குக் கை. ஜன்னல் வழியாக ஆடிச் சாரல் பஞ்சு பிய்ந்தது போல் உள்ளே மிதந்து வரும். அப்போது கரண்ட் போகும். மின்விசிறி அதைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே இசக்கிமணி அக்காவின் கண் திறந்திருக்கும். தெருவில் ஒவ்வொரு வீட்டு இன்வர்ட்டரும் ‘டிக்’ என்று விழித்துக்கொள்ளும் சத்தத்தை அவள் படுத்தபடியே எண்ணுவாள்.

“முனை வீடு வந்துட்டு. மெடிக்கல்காரர் வந்துட்டு. டீச்சர் வீடு வந்துட்டு.”

எல்லாம் வந்துவிட்டால் கண் மறுபடி மூடிக்கொள்ளும். ஏதாவது ஒன்று வரவில்லை என்றால் செருப்பைத் தேடுவாள்.

இதைச் சோதித்துப் பார்ப்பது ஓர் அறிவியல் கடமை என்று எனக்குப் பட்டது. மெயின் சுவிட்ச் எங்கள் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது. ஒரே மத்தியானத்தில் மூன்று முறை இறக்கினேன். முதல் இரண்டு முறை கண் திறந்தது. மூன்றாவது முறை திறக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டே மேலேயிருந்து சொன்னாள்: “ஏலே, கைய எடு. கரண்ட் போனா தெருவே மூச்சடங்கும். நீ எறக்குனா மாவு மில்லு ஓடிக்கிட்டுல்லா கெடக்கு.”

அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே எத்தனை வீட்டில் இன்வர்ட்டர் இருக்கிறதோ, அத்தனை வீட்டுப் பின்கட்டும் அவளுக்குத் தெரியும்; பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிப் பழுது பார்ப்பது அவள் தொழில். வண்டியின் முன்னால் இரண்டு வெள்ளைக் கேன்களில் பேட்டரித் தண்ணீர். ஒரு புனல், பேட்டரி முனையில் தடவ ஒரு வாஸலின் டப்பா, ரப்பர் குமிழ் வைத்த ஒரு கண்ணாடிக் குழல். குழலுக்குள் சிறிய மிதவை ஒன்று இருக்கும். பேட்டரிக்குள்ளிருந்து கொஞ்சம் உறிஞ்சினால் மிதவை எழுந்து நிற்கும். நன்றாக நின்றால் பேட்டரிக்குச் சுகம். அமிழ்ந்தால் சுகமில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால் என்னை இரண்டு வருடம் முன்பாகவே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள், செலவு மிச்சம்.

பேட்டரிகளைப் பற்றி அவள் போனில் பேசுவதை அரைகுறையாகக் கேட்பவர்கள் பயந்துபோவார்கள். “செங்கோட்டை ரோட்டுல ஒரு குடிகாரன் இருக்கான். மாசம் ரெண்டு லிட்டரு உள்ள போவுது, இன்னமும் கேக்கான்.” “இலஞ்சில ஒருத்தி சும்மா வீங்கிப்போயி கெடக்கா. தொட்டா சுடுதா.” எங்கள் அம்மா முதல் மாதம் அவளிடம் தள்ளியே நின்றாள்.

அமிலம் தெறித்துத் தெறித்து அவளுடைய துப்பட்டா ஒவ்வொன்றிலும் பொடிப்பொடியாக ஓட்டை. மழை விட்ட நாளில் அவற்றை மொட்டை மாடிக் கொடியில் காயப்போடுவாள். வெயில் வந்தால் தரையில் விழும் நிழல் முழுக்க நட்சத்திரம். காற்று அடித்தால் அத்தனையும் நகரும். நான் அதன் நடுவே போய்ப் படுத்திருக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஊர் உலகமெல்லாம் பஸ் பிடித்து வந்து குளிக்கிற அருவி, வண்டியை முறுக்கினால் பத்து நிமிடம். அக்கா அதில் குளித்துப் பதினோரு வருடம் ஆகிறது. சீசன் என்றால் காற்று. காற்று என்றால் லைனில் கிளை. கிளை என்றால் அவளுடைய போன். இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிடுவாள், வாயில் சோறு இருந்தாலும். “தண்ணி விழும்போது எனக்கு நேரமில்ல. எனக்கு நேரமிருக்கும்போது பாற மட்டும்தான் இருக்கு. பாறைல நின்னு என்னத்தக் குளிக்க?”

இப்படி ஊருக்கெல்லாம் தண்ணீர் ஊற்றுகிறவள், தன் வீட்டுக்கு வாங்கியது தண்ணீரே கேட்காத பெட்டியை. லித்தியம். இன்வர்ட்டரும் பேட்டரியும் ஒன்றாக அடங்கிய வெள்ளைப் பெட்டி. சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். மூடி இல்லை, புனல் வேண்டாம், குழல் வேண்டாம். காலையில் துணியால் துடைப்பாள், அவ்வளவுதான். எதற்கு இது என்று ஒருமுறை கேட்டேன். “வீட்டுக்கு வந்தா எங்கிட்ட ஒண்ணும் கேக்காத ஒரு ஆளு வேணும்லா,” என்றாள்.

எதிர்வீட்டில் கல்யாணசுந்தரி டீச்சர். தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். என் ழகரத்தைக் கடைசிவரை நம்பாதவர். அவர் கணவர் தாணுமாலயன் சார், செங்கோட்டையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். சாருக்கு நுரையீரல் இறுகிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் எடுத்துக் கொடுக்கும் மெஷின் ஒன்று, இரவும் பகலும் ‘புஸ், புஸ்’ என்று ஓடும். கரண்ட் போனால் பின்கட்டில் உள்ள இரண்டு பேட்டரி அதை ஓட்டும். சார் மூச்சு விடுவது பாதி நாள் அந்தப் பேட்டரியில்தான்.

போன ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், குற்றாலம் ரோட்டில் மருதமரக் கிளை ஒன்று லைன்மேல் சாய்ந்தது. சரியாக்கப் பொழுது அடைந்துவிடும் என்றார்கள். அக்கா படுத்தபடி எண்ணினாள். முனை வீடு, மெடிக்கல், டீச்சர். கண்ணை மூடினாள். கால் மணி நேரம் ஆகியிருக்காது. எதிர்வீட்டிலிருந்து ‘கீ, கீ’ என்று கேட்டது. சார்ஜ் தீரப்போகிறது என்று இன்வர்ட்டர் அழுகிற சத்தம். எட்டு மணி நேரம் தாங்க வேண்டியது அது. அக்கா செருப்பைத் தேடவில்லை, வெறுங்காலோடு ஓடினாள்.

தெருவில் பாதிப் பேர் டீச்சர் வீட்டு ஜன்னலில் நின்றோம். நான் முன்வரிசை. மெஷின் அடங்கிப் போயிருந்தது. டீச்சர் குழாயைக் கழற்றி ஒரு சின்ன சிலிண்டரில் மாட்டினார். “இது ஒரு மணி நேரம் தாங்கும் இசக்கி,” என்றார்.  சார் தலையணையில் சாய்ந்தபடி, இரண்டு மூச்சுக்கு ஒரு சொல்லாகக் கேட்டார்.

“வண்டி... லேட்டாம்மா?”

“அரைமணி லேட்டு சார். சிக்னல் போட்டாச்சு. படுங்க,” என்றாள் அக்கா.

பின்கட்டில் இரண்டு பேட்டரியின் பன்னிரண்டு மூடியையும் அக்கா திறந்தாள். எல்லாவற்றிலும் விளிம்பு வரை தண்ணீர். குழலால் உறிஞ்சினாள். மிதவை அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பன்னிரண்டு முறையும் படுத்தது. பக்கத்தில் ஒரு கேன் இருந்தது. அவளுடைய கேன் இல்லை. உள்ளே பாசி இழை ஒன்று பச்சையாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“டீச்சர், இதுல எதும் ஊத்துனீயளா?”

டீச்சரின் முகம் அந்தப் பதற்றத்திலும் மலர்ந்தது. “நீ சீசன்ல அலையுதியேன்னு நானே பாத்துக்கிட்டேன். ஐந்தருவித் தண்ணி இசக்கி. விடியுமுன்னே நாசரு ஆட்டோவுல போயி பிடிச்சிட்டு வருவேன். அவரால இனி அங்கன போக முடியாதுல்லா. துணிய நனைச்சு ஒடம்பத் தொடச்சி விடுவேன். மிச்சத்த இதுக்கு ஊத்துவேன். அவருக்கு மூச்சு குடுக்கது இதுதான. நல்ல தண்ணியா குடிக்கட்டும்னு.”

“தெனமுமா?”

“ஆனி மாசத்துலருந்து. வழிய வழிய ஊத்துவேன்.”

பேட்டரிக்குள் இருப்பது அமிலம். வழிய வழிய ஊற்றினால் அது நாள்தோறும் கொஞ்சம் வெளியேறி, கடைசியில் உள்ளே அருவி மட்டும் மிஞ்சும். இது அக்கா எனக்குப் பிறகு சொன்னது. அருவியிலிருந்து கரண்ட் எடுக்கலாம் என்று புத்தகத்தில் படம் போட்டுப் படித்திருக்கிறேன். இந்த வழியில் இல்லை போலிருக்கிறது.

அக்கா மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகினாள். பன்னிரண்டாவதையும் திருகிவிட்டுத் துப்பட்டாவில் கையைத் துடைத்தாள்.

“வயசாயிட்டு டீச்சர்,” என்றாள். “இதுகளுக்கு அஞ்சு வருசந்தான் கணக்கு.”

“நான் ஊத்துனதுல எதும்...”

“நீங்க ஊத்துனதுலதான் இம்புட்டு நாளு ஓடிச்சு.”

வாசலில் ஆட்டோவுக்குள் கால் நீட்டிக் கிடந்த நாசரை எழுப்பி மாடிக்குக் கூட்டிப்போனாள். நாலு திருகாணியைக் கழற்றினாள். பெட்டி சுவரைவிட்டு இறங்கியது. மாடியில் மின்விசிறி நின்றது.

படிக்கட்டில் இறங்கும்போது நாசர் குரலைத் தாழ்த்தினார். “எக்கா, அந்தத் தண்ணிதான காரணம்? நான்தானக்கா தெனமும் கூட்டிட்டுப் போறது.”

“அந்த அருவிப் படியெல்லாம் அவ்வளவு கனத்தத் தூக்கிட்டு யாரு ஏறுனா? நீயா?”

“தூக்கித் தாரேம்பேன். தரமாட்டாவ.”

“அப்ப மூச்சு விடாத. ஒம்பக்கம் சாயுது பாரு, நேராப் பிடி.”

வெள்ளைப் பெட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் அமர்ந்தது. மெஷின் ‘புஸ்’ என்று மூச்சு விட்டது. ஜன்னலில் நின்ற நாங்களும் விட்டோம். சிலிண்டர் முள்ளில் இன்னும் கால்பங்கு மிச்சம். சார் கையை லேசாகத் தூக்கி, பச்சைக்கொடி காட்டுகிற மாதிரி ஆட்டினார். டீச்சர் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்தார்.

“இசக்கி, இதுக்கு எங்கன ஊத்தணும்?”

“இதுக்கு வாயே கெடையாது டீச்சர். ஒண்ணும் கேக்காது.”

“பாவம்,” என்றார் டீச்சர். கேனைப் பார்த்தார். “அப்ப இந்தத் தண்ணி?”

“சாருக்குத் தொடச்சாச்சா?”

“காலைலயே ஆச்சு.”

“அப்ப அது எம் பங்கு. தாங்க.”

கேனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கவாட்டுச் சந்துக்குள் வந்தாள். கரண்ட் இன்னும் வரவில்லை. மாவு மில் ஓடவில்லை, டிவி இல்லை, மோட்டார் இல்லை. சாரல் விழுகிற சத்தமும், எதிர்வீட்டு ‘புஸ், புஸ்’ மட்டும். மலை மேகத்துக்குள் போயிருந்தது. நான் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில், படிக்கட்டின் அடியில் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றாள். போன் அடிக்க ஆரம்பித்தது. ஒரு மணி. இரண்டு. அக்கா இடது கையை நீட்டி, போன் நனையாதபடி கூரை விளிம்புக்குள் தூரமாகப் பிடித்தாள். வலது கையால் கேனைத் தூக்கித் தலையில் கவிழ்த்தாள். கண்ணை மூடினாள். பாசி இழை நெற்றி வழியே இறங்கித் துப்பட்டாவில் ஓர் ஓட்டையில் சிக்கிக்கொண்டது. போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. கடைசிச் சொட்டு விழும்வரை கேன் கவிழ்ந்தபடியே இருந்தது.