ஹெச்சும் பாணும்

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஏறும் பாதையில் அப்போது ஒரு டைப்பிங் கடை வைத்திருந்தேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், பழைய டைப்ரைட்டர் ஒன்று. மழைக்காலத்தில் கரண்ட் பத்து நிமிஷம் வந்தால் இருபது நிமிஷம் போகும் என்பதால் டைப்ரைட்டரை எடைக்குப் போட மனம் வரவில்லை. இரண்டாயிரத்து ஏழாம் வருஷ மழைக்காலம் முழுக்க அதில் நான் அடித்தது அயர்லாந்து தேசத்துச் சரித்திரம். இன்றைக்கும் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

அடிக்கச் சொன்னவர் எங்கள் ஊரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அயர்லாந்துப் பெண்மணி. எழுபதை நெருங்கிய வயது. கன்னியாஸ்திரி இல்லை, நர்ஸ் என்பதால் ஊரே சிஸ்டர் என்று கூப்பிட்டது. என் மகள் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவர் அவர்தான். திண்டுக்கல் தமிழை நம்மைவிட நன்றாகப் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் இங்கிலீஷுக்குப் போய்விடுவார்.

அவர் பிறந்த ஊர், தேசத்தின் இரண்டு பாதிகளும் முட்டிக்கொள்ளும் எல்லையில் இருக்கிறது. அங்கே குன்றுகளின் மேல் பிரிட்டிஷ் ராணுவம் கட்டியிருந்த காவல் கோபுரங்களைக் கழற்றிக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று அவருடைய தம்பி மகன் கடிதம் போட்டிருந்தான். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தபடியே கடைக்கு வந்துவிட்டார்.

"இனிமே பொறக்குற புள்ளைகளுக்கு அது அங்க நின்னதே தெரியாது தம்பி. எழுதி வச்சிரணும். எனக்குக் கை நடுங்குது. நான் சொல்றேன், நீ அடி."

அப்படித்தான் ஆரம்பித்தது. வாரத்துக்கு மூன்று நாள் குடையோடு வருவார். அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன்; புரியாததைத் தமிழில் விளக்குவார். சாயங்காலம் கல்லூரி விட்டு வரும் என் மகள், கரண்ட் இருந்தால் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள்.

சிஸ்டரின் அப்பா பையனாக இருந்தபோது தேசத்தை இரண்டாகப் பிரித்தார்களாம். வடக்கே ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு நின்றுவிட்டன. மற்றவை தனி நாடாகிவிட்டன. பழைய மாவட்ட எல்லையையே நாட்டு எல்லையாக்கிவிட்டதால் அது ஓடையோடு போனது, வேலியோடு போனது, சில இடத்தில் ஒருவருடைய தோட்டத்துக்கு நடுவிலேயே போனது. சிஸ்டரின் வீடு வடக்கே. மேய்ச்சல் நிலம் ஓடைக்கு அந்தப் பக்கம், தெற்கே. அவர்கள் வீட்டு மாடு காலையில் வெளிநாடு போய்விட்டுச் சாயங்காலம் பால் கறக்கத் திரும்பி வரும்.

"சுங்கத்துக்காரன் மாட்டை ஒண்ணும் கேக்க மாட்டான். வெண்ணெயத்தான் கேப்பான்" என்றார். வெண்ணெயைப் பாவாடைக்குள் கட்டிக்கொண்டு ஓடை தாண்டிய கதையையும் அடிக்கச் சொன்னார். அடித்தேன்.

வடக்கே பிரிட்டன்தான் வேண்டும் என்றவர்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டண்டுகள். ஒரே அயர்லாந்து வேண்டும் என்றவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். சிஸ்டர் கத்தோலிக்கர். "ரெண்டும் கிறிஸ்தவம்தானே சிஸ்டர்?" என்று நான் கேட்டதற்கு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஒரே ஊருக்கு இரண்டு பெயர்கள் உண்டாம் அங்கே. முன்னால் லண்டன் சேர்த்துச் சொன்னால் ஒரு கட்சி, சேர்க்காவிட்டால் இன்னொரு கட்சி. வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது சாலைக் கதை. சிஸ்டர் இங்கே வந்த பிறகு நடந்தது. அவருடைய தம்பி கடிதம் எழுதித் தெரிந்துகொண்டார். இரண்டு கட்சிக்கும் சண்டை முற்றியதும், ஆயுதம் எல்லை தாண்டாமலிருக்க பிரிட்டிஷ் ராணுவம் எல்லையோரத்துச் சின்னச் சாலைகளில் வெடி வைத்துப் பள்ளமாக்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊர்க்காரர்கள் டிராக்டரில் மண் அடித்துப் பள்ளத்தை மூடுவார்கள். ராணுவம் மறுபடி பள்ளம் போடும். இவர்கள் மறுபடி மூடுவார்கள்.

"சலிக்கலையா சிஸ்டர்?"

"அக்கா வீடு அந்தப் பக்கம். அப்பா கல்லறை இந்தப் பக்கம். எப்படிச் சலிக்கும்?"

அந்த ஆட்களின் மேல் எனக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை. நம் ஆட்களாக இருந்தால் மனுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்போம். டைப்பிங் கடைக்காரன் சொல்கிறேன், எனக்குத் தெரியாதா?

ஒருநாள் தன் குடும்பப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னார். நடுவில் ஒரு ஹெச் வந்தது. என் டைப்ரைட்டரில் அந்தச் சாவி அடிக்கடி மக்கர் பண்ணும். "ஹெச் மட்டும் விழுக மாட்டேங்குது சிஸ்டர். ஹெச்சைக் கையால போட்டுக்கிறேன்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "நீ என் கட்சி, தெரியுமா?" என்றார்.

பிறகு விளக்கினார். வடக்கே அந்த எழுத்தைக் கத்தோலிக்கர்கள் நம்மைப் போல ஹகரம் சேர்த்து 'ஹேய்ச்' என்பார்கள். புராட்டஸ்டண்டுகள் 'ஏய்ச்' என்பார்கள். பேர் கேட்க வேண்டாம், கோயில் கேட்க வேண்டாம். அந்த ஓர் எழுத்தைச் சொல்லச் சொன்னால் போதும்.

சிஸ்டர் பத்தொன்பது வயதில் நர்ஸ் படிப்புக்கு வடக்கே ஒரு பெரிய ஊருக்குப் போனார். விடுதியில் கூட இருந்த பெண்கள் எல்லாரும் ஏய்ச். ஒரே வாரத்தில் இவரும் ஏய்ச் ஆகிவிட்டார்.

"யாரும் மிரட்டல தம்பி. நானேதான் மாத்திக்கிட்டேன். ஏய்ச்சுன்னு சொல்லி ஏய்ச்சுப் பொழச்சேன்" என்றார். ஏய்த்துப் பிழைப்பதைத் தமிழில் இவ்வளவு பொருத்தமாகச் சொல்ல ஓர் அயர்லாந்துக்காரர் வர வேண்டியிருக்கிறது என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வார்டில் ஒரு கிழவர் இருந்தார். கத்தோலிக்கர், எல்லையோரத்து விவசாயி, ஊரை விட்டு வந்தே பழக்கமில்லாதவர். சிஸ்டர் அவருடைய சீட்டைப் பார்த்து, பேரின் எழுத்துகளை வாய்விட்டுப் படித்தார். அதில் ஒரு ஏய்ச் வந்தது. அதற்குப் பிறகு கிழவர் சிஸ்டர் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. மறுநாள் காய்ச்சல் வேகத்தில், "எங்க ஆளு யாருமே இல்லையா இங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"நான் இருக்கேன்னு சொல்லியிருக்கலாம். பக்கத்துக் கட்டில்ல எல்லாரும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. வாய் வரல. ரெண்டு நாள்ல போயிட்டாரு." குடையைக் கையில் எடுத்துக்கொண்டார். "அதையும் அடிச்சிரு. அதுக்கப்புறம் நான் மாத்திப் பேசினதே இல்ல. இங்க வந்து எறங்கின அன்னிக்குக் கம்பவுண்டர் என் பேரைக் கேட்டு, ஹெச்சுன்னு வாய்விட்டுச் சொல்லி எழுதுனாரு. அழுகையே வந்திருச்சு. இவ்வளவு தூரம் கப்பல் ஏறி வந்தா, ஊரே என் கட்சி."

அந்தப் பக்கத்தை அடித்து முடித்தேன். என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

நானும் ஒரு சொல்லை முழுங்கியவன்தான். ஒன்பது வயதில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவன். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து, உனக்கு இத்தனை பேர், எனக்கு இத்தனை பேர் என்று பிரித்துக்கொண்டதில் நாங்கள் இந்தப் பக்கம் விழுந்தோம். அங்கே எங்களை இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே வந்ததும் சிலோன்காரன் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் முதல் நாள், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று வாத்தியார் கேட்டார். "பாண்" என்றேன். அங்கே பிரெட்டுக்கு அதுதான் பேர். வகுப்பே சிரித்தது. இரண்டு வருஷம் நான் "ஏலே பாணு"வாக இருந்தேன். அதற்குப் பிறகு அந்தச் சொல் என் வாயில் வந்ததில்லை.

என் மனைவியும் தோட்டத்தில் பிறந்தவள்தான். ஆனால் பதினாறு வயதில் வந்ததால் நாக்கு அங்கேயே நின்றுவிட்டது. அவளுக்கு டீ என்றால் தேத்தண்ணி, ரயில் என்றால் கோச்சி, பிரெட் என்றால் பாண். மாற்றிக்கொள் என்று சொல்லிச் சொல்லி எனக்குத்தான் வாய் வலித்தது.

அந்த மழைக்காலத்தில்தான் மகளுக்கு ஒரு வரன் வந்தது. பழனி அடிவாரத்தில் கடை வைத்திருக்கும் குடும்பம். நல்ல பையன், மகளுக்கும் போட்டோ பிடித்திருந்தது. அவர்களுக்குச் சிலோன்காரர்கள் என்றால் ஆகாது, வேர் தெரியாத ஆட்கள் என்பார்கள் என்று தரகர் முன்பே சொல்லியிருந்தார். எங்களுக்குப் பூர்வீகம் அய்யம்பாளையம் பக்கம் என்று சொல்லச் சொன்னேன். பொய் இல்லை. என் பாட்டனாருக்கு அப்பா அங்கிருந்துதான் தேயிலைக்குப் போனார். நடுவில் நூறு வருஷத்தையும் ஒரு கடலையும் விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் மனைவியிடம் சொன்னேன். "நாளைக்கு நீ கும்பிட்டுட்டு உக்காந்துக்க. பேச்சை நான் பாத்துக்கிறேன்."

"வாயில பாண வச்சு அடைச்சுக்கவா?" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

வந்தவர்கள் ஆறு பேர். மனைவி கும்பிட்டாள், உட்கார்ந்தாள். பையனின் அம்மா அவளைப் பார்த்து எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார், நான் சொன்னேன். மழை எப்போது விடும் என்று கேட்டார்; அதையும் நானே சொன்னேன். அந்த அம்மா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவங்களுக்குப் பேச வராதுங்களா?"

மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருஷத்தில் நான் அவளுக்குச் செய்த அத்தனை குறையையும் சேர்த்தாலும் அந்த ஒரு நிமிஷத்துக்கு ஈடாகாது. நான் சிரித்துவைத்தேன். அப்போது மகள் தட்டோடு வந்தாள். பையனின் அம்மாவுக்கு முன்னால் குனிந்தாள்.

"தேத்தண்ணி எடுத்துக்கங்க."

"என்னம்மா சொன்ன?"

"டீங்க. எங்க வீட்டுல தேத்தண்ணின்னுதான் சொல்லுவோம். எங்கம்மா சிலோன் தோட்டத்துல பொறந்தவங்க, அப்பாவும்தான். அம்மாவுக்கு நல்லாவே பேச வரும்ங்க."

குரல் உயரவில்லை. தட்டும் ஆடவில்லை. என் மகள் கொடைக்கானலிலேயே பிறந்து வளர்ந்தவள். அதுவரை டீ என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தவள். வந்தவர்கள் டீயைக் குடித்தார்கள், கலந்து பேசிச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு வெரசாகவே கிளம்பினார்கள்.

"ஏம்மா இப்படிப் பண்ணே?" என்று கேட்டேன்.

"அந்தக் கெழவர் பக்கத்தை நான்தானப்பா கம்ப்யூட்டர்ல ஏத்தினேன்" என்றாள்.

மறுநாள் சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் சிலோன்காரன் என்பது உட்பட. அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும் தம்பி. பிரசவத்துல உன் பொண்டாட்டி கத்துனது அம்புட்டும் தோட்டத்துத் தமிழு. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்." இருபது வருஷம் காத்திருந்திருக்கிறார். பிறகு தன் பேர் இருந்த முதல் பக்கத்தை எடுத்து, நான் கையால் போட்டிருந்த ஹெச்சை விரலால் தடவினார். "அன்னிக்கு எனக்கு வராத வாய், உன் மகளுக்கு வந்திருக்கு" என்றார். கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

மூன்றாம் நாள் காலையில் தரகரிடமிருந்து போன் வந்தது. ஜாதகம் பொருந்தவில்லையாம். பத்து நாளைக்கு முன்னால் பொருந்திய அதே ஜாதகம். போனை வைத்துவிட்டு மகளைப் பார்த்தேன். முகம் கொஞ்சம் வாடியது. பிறகு பையை எடுத்து மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மனைவி என்னிடம் பேசி நான்கு நாள் ஆகியிருந்தது.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "தேத்தண்ணி ஊத்தவா?"

"ஊத்து" என்றேன். "பாண் இருந்தா ரெண்டு துண்டு வை."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. நிலைப்படிக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னா கேட்டீங்க?"

காதில் விழாமல் இல்லை. இன்னொரு தரம் சொல்லவைக்கத்தான் கேட்டாள். "பாண்" என்றேன், தெரு வரைக்கும் கேட்கும்படி.