விளக்கடி நெல்

உயிரியல் படிப்பிக்கிறவள் என்ற ஒரே குற்றத்துக்காக, வீட்டார் காய்ச்சல் முதல் தென்னை வண்டு வரை எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள். போன தை மாதம் அக்காவின் கணவர், ஆரையம்பதியில் என் வீட்டு வாசலில் ஒரு பிடி நெற்பயிரோடு நின்றார். மற்றதெல்லாம் கதிர் தள்ளிவிட்டதாம், இது மட்டும் இன்னும் புல்லாகவே நிற்கிறதாம்.

"விதை தந்தவன் ஏமாத்திப்போட்டான்" என்றார்.

"போன வருசமும் அவர்ர விதைதானே அத்தான். வட்டைக்குப் போய்ப் பாப்பம்."

உன்னிச்சை வட்டையில் அவர்கள் செய்யும் வயலில் ஒரு துண்டில் மட்டும், வீட்டுச் சோற்றுக்கென்று பழைய நெல் விதைப்பார்கள். அத்தான் இரவுக் காவலுக்குப் படுக்கும் ஓலை வாடி அதன் நடுவில். வாடி முன்னால் ஒரு புதுக் கம்பம், அதில் வெயிலில் சார்ஜ் ஏறும் பெரிய விளக்கு. விளக்கைச் சுற்றி வட்டமாகப் பச்சை. அதற்கு அப்பால் கதிர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வருடா வருடம் கரும்பலகையில் நான் வரைகிற படம் அது.

பழைய நெல்லுக்கு இருட்டுத்தான் நாட்காட்டி. இரவு நீண்டால் இலையில் ஒரு மரபணு விழித்து ஒரு புரதத்தைச் செய்விக்கும். அது தண்டு வழியே குருத்துக்குப் போய், இலை விட்டது போதும், இனிப் பூ என்று சொல்லும். விளக்கடிப் பயிருக்கு இரவே வரவில்லை, மரபணுவும் வாய் திறக்கவில்லை. புது நெல்லுக்கு இந்தக் கெடுபிடி குறைவு. மற்றத் துண்டுகள் அதனால் தப்பின.

"அப்ப லைற்ற நூத்தா கதிர் வருமா?"

"ஓம். கொஞ்ச நாள் இருட்டாக் கிடந்தா வரும்."

அத்தான் முகம் தெளிந்தது. எங்களோடு வந்து வாடி வாசலில் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை.

"நூக்க ஏலா" என்றாள்.

முந்தின வருடம் பக்கத்து வாடிக்காரரை இருட்டில் வந்த யானை மிதித்துக் கொன்றது. செத்தவீட்டுக்குப் போய் வந்த மறுநாளே அக்கா இந்தக் கம்பத்தை நடுவித்தாள். அது எனக்கும் தெரியும். இருந்தாலும் வாத்தியார் புத்தி சும்மா இருக்காதே.

"வயல் பக்கத்த ஒரு தகரத்தால மறைச்சா?"

"ஆனை வயலுக்குள்ளாலதான் வாற."

"அத்தான் கொஞ்ச நாள் வீட்ட படுக்கட்டுமே."

"மிச்ச வெள்ளாமைய ஆர் பாக்கிற?" என்றார் அத்தான்.

அக்கா கோப்பையை என் கையில் தந்தாள்.

"பக்கத்து வாடிக்காரன்ர பொஞ்சாதியும் போன வருசம் நல்லா விளைஞ்ச நெல்லுத்தான் வெட்டினவ கா. தனிய நிண்டு வெட்டினவ."

அத்தான் கத்தியை எடுத்துப் போய், அந்தப் பச்சையை மாட்டுக்கு அறுத்தார்.